மலைநாட்டில் ஓடையோரக் காணி வாங்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலைநாட்டில் வெலிமடைப் பக்கம் ஒரு காணி பார்க்கப் போயிருந்தேன். ரோட்டிலிருந்து இறங்கினால் கவ்வாத்து (கிளை வெட்டு) பார்த்து வருஷக்கணக்கான பழைய தேயிலை, அதற்குக் கீழே கொய்யா மரங்கள், அதற்கும் கீழே ஓடையை ஒட்டி மேசை போட்ட மாதிரி ஒரு சமதரை. சமதரையின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல். தரகர் அதில் சாய்ந்துகொண்டு, "வீட்ட இந்த எடத்துலதான் சார் கட்டணும். படுத்துக்கிட்டே தண்ணிச் சத்தம் கேக்கலாம்" என்றார். அவர் போன் பேசத் தள்ளிப் போன நேரம், பக்கத்துப் பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழுகிற இடம்) துணி அலசிக்கொண்டிருந்த பாட்டி கையசைத்துக் கூப்பிட்டார். "தம்பி, நான் வாக்கப்பட்டு வந்தப்ப அந்தக் கல்லு அங்க இல்ல."

வேறொன்றும் சொல்லவில்லை, மறுபடி துணிக்குத் திரும்பிவிட்டார். ஆள் உயரக் கல் தானாக நடந்து வராது. ஏதோ ஒரு மழை ராத்திரியில் ஓடை அதைத் தூக்கி வந்து அங்கே வைத்திருக்கிறது. தரகர் காட்டிய அந்தச் சமதரையே ஓடை கொண்டுவந்து கொட்டியதுதான்.

கடைசியில் அந்தக் காணியைத்தான் வாங்கினேன். ஆனால் வேறு விலைக்கு, வேறு இடத்தில் வீடு வைத்து. அதற்கு முன் ஏழெட்டு மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டவை இவை.

எந்தப் பக்கத்து மலை, எந்த மாதம்

மலைநாடு என்று ஒரே பேராகச் சொன்னாலும் மழைக் கணக்கில் அது இரண்டு நாடு. ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அதே மாதங்களில் மலைக்கு இந்தப் பக்கம் பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் கச்சான் காற்று அடித்து மண் புழுதியாகும். இந்த ஊவாப் பக்கத்துக்கு மழை அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. கண்டி, மாத்தளைப் பக்கம் இரண்டு பருவமும் எட்டிப் பார்க்கும்.

ஆகவே ஓடையை இரண்டு தடவை பாருங்கள். ஒரு தடவை அது மெலிந்து கிடக்கும்போது: ஹட்டன் பக்கம் என்றால் பெப்ரவரி, மார்ச், ஊவா என்றால் ஜூலை, ஆகஸ்ட். இன்னொரு தடவை நல்ல மழை பெய்த மறுநாள் காலையில். விற்கிறவர் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவே, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடுகிற மாதத்தில்தான் கூட்டிப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெண் பார்க்க வருகிற அன்று யார் வீட்டில்தான் கூட்டிப் பெருக்க மாட்டார்கள்?

அவசரப்படுத்தினால், "இன்னொரு பார்ட்டி கொழும்பிலேருந்து நாளைக்கு வருது" என்றால், விட்டுவிடுங்கள். மலையில் ஓடைகளுக்குப் பஞ்சமில்லை.

இது யாருடைய காணி?

விலை பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது. மலைநாட்டில் விற்பனைக்கு என்று காட்டப்படும் காணிகளில் பாதிக்கு மேல் விற்கக்கூடிய காணிகள்தானா என்று எனக்குச் சந்தேகம். என்னிடம் காட்டிய ஒன்பதில் நான்குதான் சுத்தமான தனியார் உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரத்தோடு விற்கக்கூடியது.

முதல் வகை தோட்டக் காணி. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் ஓர் ஆள் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போனாலும் நிலம் அரசுடையதே, கம்பனிகள் குத்தகைக்காரர்கள். துரையோ (தோட்ட நிர்வாகி) கணக்கப்பிள்ளையோ "இந்த மூலை தோட்டத்துக்குத் தேவையில்லை, எழுதித் தர்றேன்" என்றால் அந்தக் காகிதத்துக்குக் கடலை மடிக்கும் மதிப்புதான். தோட்டத் தொழிலாளருக்கு லயத்துக்குப் பதிலாக வீடு கட்ட ஒரு சில பேர்ச்சஸ் (160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர்) கொடுக்கிற நாட்டில், அதே தோட்டத்தின் ஓடைக்கரையை ஏக்கர் கணக்கில் யாரோ 'விற்பது' தனிக் கதை.

இரண்டாவது, பெர்மிட் காணியும் அளிப்புப் பத்திரக் காணியும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு மக்களுக்குக் கொடுத்தவை. ஜயபூமி, ஸ்வர்ணபூமி என்ற பெயர்களில் அழகான பத்திரம் இருக்கும், அதைக் காட்டி "உறுதி இருக்கு" என்பார்கள். பெர்மிட் காணி விற்பனைக்கானது அல்ல. அளிப்புக் காணியைக் கைமாற்ற முதலில் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால் எழுதினாலும் அது செல்லாது. பத்திரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு நேரே பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போய்க் கேளுங்கள்.

மூன்றாவது, கண்டி, மாத்தளை, பதுளைப் பக்கங்களில் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் சொந்தமான காணிகள். பல தலைமுறையாகக் குடும்பங்கள் உழுது வந்திருக்கும், அதனால் தங்கள் காணி என்றே பேசுவார்கள். ஊரில் பெரியவர்கள் இருவரிடம் "இது பன்சலைக் காணியா?" என்று தனித்தனியே கேட்டால் பதில் வந்துவிடும்.

நான்காவது, ஓடையோரத்துக்கே உரிய வகை: வயல். ஓடைக்கரைச் சமதரை பெரும்பாலும் பழைய வயலாக இருக்கும். புல் முளைத்துப் பத்து வருஷம் தரிசாகக் கிடந்தாலும் பதிவேட்டில் வயல் என்றால் வயல்தான். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் நிரப்பவோ வீடு கட்டவோ முடியாது. அந்தப் பகுதி கமநல சேவை நிலையத்தில் வயற் பதிவேடு இருக்கும், பார்த்துவிடுங்கள்.

இவை கழிந்தால் மிஞ்சுவது தனியார் உறுதிக் காணி. அதிலும் ஒரு முள் உண்டு. அண்ணன் தம்பி ஆறு பேருக்குப் பொதுவான காணியில் ஒருவர் தன் 'பிரிபடாத பங்கை' விற்பார். காகிதத்தில் உங்களுக்கு ஆறில் ஒன்று, ஆனால் ஓடைக்கரை யாருக்கு என்று எங்கும் எழுதியிருக்காது. மற்ற ஐந்து பேரும் அந்தக் கரையைத்தான் தங்கள் பங்கு என்பார்கள். பிரிவினை வழக்கு நம் பிள்ளைகள் காலத்திலும் நடக்கும். பங்குக் காணி வேண்டாம். எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து பிரிவினை உறுதி எழுதித் தனித்துண்டாகப் பதிந்த பிறகு வரட்டும்.

ஓடையோடு மேலே நடங்கள்

காணியைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேலே உள்ளதைப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். நல்ல சப்பாத்து, கொஞ்சம் உப்பு அல்லது சவர்க்காரம் அட்டைக்கு, ஊர்ப் பையன் ஒருவன் துணைக்கு. ஊற்று வரைக்கும், அல்லது கால் விடுகிற வரைக்கும் மேலே போங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? முதலில் மனிதர்கள். மேலே லயங்கள் இருந்தால் கழிவறைகளின் தண்ணீர் எங்கே இறங்குகிறது. உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிற தோட்டங்கள் இருந்தால் மருந்து அடித்த டாங்கியை எங்கே கழுவுகிறார்கள். நான் நடந்த ஓடையில் ஓர் இடத்தில் கறுப்புக் குழாய்கள் ஏழு, பாறையிடுக்கில் பாம்புக் கூட்டம் மாதிரி படுத்திருந்தன. ஏழு குடும்பங்கள் அங்கேயிருந்து வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கின்றன. வறட்சியில் அந்த ஏழு பேரும் எடுத்தது போக மிச்சம்தான் கீழே வரும். மேலே சிறிய நீர்மின் நிலையத்துக்கான அணை இருந்தால் கணக்கு இன்னும் மாறும், குழாயில் புகுந்த தண்ணீர் உங்கள் காணியைத் தாண்டிக் கீழேதான் வெளியே வரும்.

நிலத்துக்கு அடியிலும் சங்கதி இருக்கிறது. உமா ஓயா நீர்த் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது, 2014 இன் கடைசியிலிருந்து, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. நூறு வருஷமாக ஓடிய ஊற்று என்பதால் நாளைக்கும் ஓடும் என்று யாரும் எழுதித் தர முடியாது.

அடுத்து மலை. மரங்களின் அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்திருக்கிறதா? மண் மெல்ல மெல்ல நழுவுகிற சரிவில் மரம் அப்படித்தான் வளரும். தரையில் பிறை வடிவ வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், வெயில் காலத்திலும் ஈரம் கசிகிற சரிவு, கான்கள் (வடிகால்கள்) தூர்ந்து போன கைவிட்ட தேயிலை மலை: இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் நான் திரும்பிவிடுவேன். தேயிலை மலையில் அந்தக் காலத்தில் வெட்டிய கான்கள்தான் மழைத் தண்ணீரைச் சரிவில் இறங்காமல் பக்கவாட்டில் நடத்திக் கூட்டிப் போகின்றன. அவை அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். மலை பாரமாகும்.

பிறகு கரை. மூங்கில் கவையிலும் கொய்யாக் கிளையிலும் சிக்கிய பொலித்தீன், காய்ந்த சருகு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. கரையிலிருந்து தள்ளி, மண்ணில் பாதி புதைந்த உருண்டைக் கற்கள் இருந்தால் ஓடை அங்கேயும் ஒரு காலத்தில் வந்து போயிருக்கிறது. தரகர்கள் அதை 'இயற்கை அழகு' என்பார்கள்.

தண்ணீர் எவ்வளவு, எவருடையது

வறட்சி மாதத்தில் போகும்போது ஒரு இருபது லீட்டர் வாளியும் கையில் மணிக்கூடும் கொண்டு போங்கள். ஓடை ஒடுங்கி விழுகிற இடத்தில் ஒரு குழாய்த் துண்டு அல்லது வாழைமட்டை வைத்து வாளியைப் பிடியுங்கள். நாற்பது செக்கனில் நிறைந்தால் செக்கனுக்கு அரை லீட்டர், ஒரு நாளைக்கு 43,200 லீட்டர். ஒரு வீட்டுக்கும் கொஞ்சம் மரக்கறிக்கும் தாராளம். நிறைய மூன்று நிமிஷம் பிடித்தால் ஒரு நாளைக்கு 9,600 லீட்டர்தான், அதிலும் கீழே உள்ளவர்களுக்கு விட வேண்டும். பெரிய ஓயா (ஆறு) என்றால் வாளி உதவாது, ஆனால் அங்கே கவலை தண்ணீர்க் குறைவு பற்றியதாக இருக்காது.

குடிக்க வேண்டுமானால் ஒரு போத்தலில் எடுத்து தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கக் கொடுங்கள். எடுக்கும் முறையை முதலில் அவர்களிடமே கேட்டுப் போங்கள். தெளிவாக இருப்பது சுத்தம் என்று அர்த்தமில்லை.

இப்போது பலரும் கேட்க விரும்பாத விஷயம். காணி உங்களுடையதாகலாம், ஓடை ஆகாது. 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிக் கட்டளைச் சட்டப்படி பொது நீரோடைகளின் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் உரிமை அரசுடையது. கரையில் குடியிருக்கிறவர் வீட்டுத் தேவைக்கும் மாட்டுக்கும் எடுத்துப் பாவிக்கலாம். அணை போட்டுத் திருப்புவது, குளம் கட்டி மீன் வளர்ப்பது, ஓட்டலுக்கு மோட்டார் வைத்து இறைப்பது எல்லாம் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியவை. ஆற்று மண்ணும் அப்படித்தான். ஓடை உங்கள் எல்லையில் ஓடினாலும் மணல் அள்ளி விற்கப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் உரிமம் வேண்டும். மாணிக்கக்கல் கிடைக்கிற பக்கங்களில் தோண்டுவதற்குத் தனி உரிமம்.

அறுபது பேர்ச்சஸ் எப்படி நாற்பத்தொன்று ஆனது

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 40 பேர்ச்சஸ் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு: உங்கள் ஒரு பரப்பு இங்கே 10 பேர்ச்சஸ்.

எனக்குக் காட்டிய பழைய பிளானில் ஒரு ரூட் இருபது பேர்ச்சஸ், அதாவது அறுபது. தெற்கு எல்லை 'எல' என்று போட்டிருந்தது. சிங்களத்தில் எல என்றால் ஓடை. பிளான் வரைந்து முப்பது வருஷத்துக்கு மேல். அதற்குள் ஓடை சும்மா இருந்திருக்குமா? என் செலவில் உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கூட்டிப் போனேன். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார். பழைய எல்லைக் கற்கள் மூன்று கிடைத்தன, நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை நனைந்தபடி நின்று, "ஐயா, உங்க கல்லு நான் நிக்கிற எடத்துல இருந்திருக்கு" என்றார். தரகர் அன்றைக்கு வெற்றிலை போடுவதைக் கொஞ்சம் நிறுத்திவைத்தார்.

ஓடை தின்றது போக இன்னொரு கழிவும் உண்டு: ஓடை ஒதுக்கம். எல்லோரும் ரிசர்வேஷன் என்றே சொல்வார்கள். கரையிலிருந்து இத்தனை தூரத்துக்குக் கட்டடம் கட்டக் கூடாது, மரம் வெட்டி வெளியாக்கக் கூடாது என்று விடுகிற பட்டை. அகலம் எல்லா ஓடைக்கும் ஒன்றல்ல. ஓடையின் அகலத்தையும், காணி முதலில் அரசிடமிருந்து வந்ததா என்பதையும், இடம் எந்தச் சபையின் எல்லையில் இருக்கிறது என்பதையும் பொறுத்து மாறும். ஊற்றுக்கும் தனியாக ஒதுக்கம் உண்டு. ஆகவே பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் காணியின் பிளான் பிரதியோடு கடிதம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சொல் வேண்டாம். அந்த அகலத்தை அளவையாளர் புதிய பிளானில் கோடாக வரைய வேண்டும்.

எனக்கு அப்படி வரைந்ததில் கட்டடம் வைக்கக்கூடியதாக மிஞ்சியது நாற்பத்தொரு பேர்ச்சஸ். பேர்ச் ஒன்றரை லட்சம் என்று வைத்தால், கேட்டது தொண்ணூறு லட்சம், நிலத்தின் உண்மையான கணக்கு அறுபத்தொன்றரை லட்சம். இந்தப் பிளானை மேசையில் விரித்து வைத்துத்தான் விலை பேசினேன். கத்தாமல் முடிந்த ஒரே பேரம் என் வாழ்க்கையில் அதுதான். அளவையாளருக்குக் கொடுத்த காசு பல மடங்காகத் திரும்பி வந்தது.

மண்சரிவு அறிக்கை

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 2016 மே மாதம் அரநாயக்க. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல், பதுளையிலிருந்து மாத்தளை வரை மலை சரியாத பக்கம் சொற்பம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை வைத்திருக்கிறது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை உள்ளிட்ட அபாய மாவட்டங்களில் வீடு கட்டப் பிரதேச சபை அனுமதி தர வேண்டுமென்றால் இந்த நிறுவனத்தின் பரிந்துரை கேட்கப்படும். கட்டும்போது எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். அதை வாங்கும் முன்னே எடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். விற்பவரின் சம்மதக் கடிதம், பிளான் பிரதி கொடுத்து விண்ணப்பித்தால் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். விற்பவர் சம்மதம் தர மறுத்தால் அதுவே ஒரு அறிக்கை. விற்பவர் பழைய அறிக்கை ஒன்றை நீட்டினால் தேதியைப் பாருங்கள். டித்வாவுக்கு முந்தியது என்றால் அதை நம்பிக் காசு கட்ட மாட்டேன்.

அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் மூன்று. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் கிளம்பிவிட வேண்டும். வேறொன்று எண்ணில் வராது: கொட்டுகிற மழையில் ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. உடைத்துக்கொண்டு வரும் முன் பக்கவாட்டில் மேட்டுக்கு ஓடுங்கள், ஓடையோடு கீழே ஓடாதீர்கள்.

பாதை

ஓடைக்கரைக் காணிகளில் பாதி தோட்ட ரோட்டால்தான் போகும். தோட்ட ரோட்டில் கேட் இருக்கும், கேட்டில் வாட்சர் இருப்பார். இன்று சலாம் போடுகிறவர் நாளைக்குத் துரை மாறினால் மறிப்பார். அதனால் உறுதியின் அட்டவணையில் பாதை உரிமை எழுதியிருக்கிறதா, அந்தப் பாதை பிளானில் எத்தனை அடி அகலத்தில் வரைந்திருக்கிறது, பொது ரோடு வரை அது முறியாமல் போகிறதா என்று பாருங்கள். ஓடையைக் கடந்து அக்கரைக்குப் போகிற காணி என்றால் பாலம் யார் கட்டுவது, அனுமதி யார் தருவது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு மூங்கில் போட்ட பாலத்தில் சீமெந்து மூட்டை போகாது.

மின்கம்பம் எவ்வளவு தூரத்தில் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

உறுதியும் பதிவும்

காணி வாங்குகிறவர் தன் சட்டத்தரணியைத் தானே பிடிக்க வேண்டும். விற்பவருடைய சட்டத்தரணியே இரண்டு பேருக்கும் பார்த்தால் செலவு மிச்சம் என்பார்கள், அந்த மிச்சம் வேண்டாம்.

அவர் காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருஷத்துக்குப் பின்னோக்கித் தேடுவார். எந்த உறுதியால் யாரிடமிருந்து யாருக்கு, ஈடு வைத்திருக்கிறதா, வழக்கு பதிந்திருக்கிறதா என்று ஃபோலியோப் பக்கங்களில் வரிசையாக இருக்கும். அரசின் பிம் சவியக் காணி உரித்துப் பதிவுத் திட்டத்தில் சேர்ந்த இடமென்றால் உறுதிக்குப் பதிலாக 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உரித்துச் சான்றிதழ் இருக்கும், வேலை சுலபம்.

சங்கிலியில் மூன்று கண்ணிகளை நீங்களே கேட்டுப் பாருங்கள். ஒன்று, வெளிப்படுத்தல் உறுதி. 'நான் பத்து வருஷத்துக்கு மேல் ஆண்டு வருகிறேன்' என்று ஒருவர் தானே எழுதிக்கொள்வது. தனியார் காணியில் பத்து வருஷ ஆட்சிக்குச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் அவர். அரச காணியிலோ அந்தப் பேச்சே கிடையாது, காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலம் அரசுடையது என்ற அனுமானம் 1840 முதல் இருக்கிறது. இரண்டு, கண்டியச் சட்டத்துக்கு (கண்டிச் சிங்களவருக்கான தனிச் சட்டம்) உட்பட்டவர் எழுதிய நன்கொடை உறுதி. கொடுத்தவர் உயிரோடிருக்கும் வரை திரும்ப எடுக்கும் உரிமை அதில் இருக்கலாம், உரிமையைத் துறந்து எழுதியிருக்கிறாரா என்று சட்டத்தரணியிடம் குறிப்பாகக் கேளுங்கள். மூன்று, அற்றோணித் தத்துவத்தில் (சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு இன்னொருவர்) விற்பது. எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை வீடியோ கோலிலாவது பார்த்துவிடுங்கள். நான் பார்த்த ஒரு காணிக்குத் தத்துவம் கொடுத்தவர் காலமாகி இரண்டு வருஷம்.

உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாவிட்டால் அட்டவணையை மட்டுமாவது வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லி, எல்லைகளைக் காணியில் நின்று ஒப்பிடுங்கள்.

பணம் கொடுக்கும் முறை

அட்வான்சைச் சாதாரணக் கடதாசியில் எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்குவது நம் பழக்கம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்கச் சம்மதிக்கும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் வலு. ஆகவே விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசிடம் எழுதி, பதிந்து, பிறகு அட்வான்ஸ். அதில் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டியவை: மண்சரிவு அறிக்கை சாதகமாக வர வேண்டும், புதிய பிளானில் வந்த அளவுக்கே விலை, ஒதுக்கம் கழித்த நிலம் இத்தனை பேர்ச்சஸ். இல்லாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும்.

முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். அறுபத்தொன்றரை லட்சத்துக்கு 3,000 உம் 2,42,000 உம் சேர்த்து 2,45,000 ரூபாய். வாங்குகிறவர் தலையில்தான். சந்தைப் பெறுமதிக்குத்தான் கணக்கு, உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

கையெழுத்திட்ட கையோடு பதிவு நடக்கிறதா என்று பின்தொடருங்கள். ஒரே காணியை இருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவர் பக்கம்தான் 1927 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சாயும்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு: 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரஜைகள் காணி வாங்குவதைத் தடுக்கிறது. கனடா, லண்டன் பாஸ்போர்ட் எடுத்து இலங்கைப் பிரஜாவுரிமை போனவர் முதலில் இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்க வேண்டும். மச்சான் பேரில் வாங்கி வைப்போம் என்றால் சட்டத்தின் கண்ணில் அது மச்சான் காணி.

வாங்கிய பிறகு

முதல் வேலையாகக் கரையைத் துப்புரவு செய்ய ஆள் விடாதீர்கள். எல்லோரும் செய்கிற பிழை அது. கரையில் நிற்கிற மூங்கிலும் காட்டுமரமும்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேற்சரிவில் பழைய கான்களைத் தூர் எடுங்கள், வெட்டிவேர் வரிசையாக வையுங்கள். பலா மரம் நின்றால் உங்கள் காணி என்றாலும் பெர்மிட் இல்லாமல் வெட்ட முடியாது. மலசலகூடக் குழியை ஓடையிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, வெள்ளக் கோட்டுக்கு மேலே வையுங்கள். கீழேயும் ஒருவர் குடிக்கிறார்.

லயத்து ஆட்கள் உங்கள் காணிக்குள்ளால் குழாய் கொண்டு போயிருப்பார்கள், கரையில் துணி துவைப்பார்கள். வேலி அடித்து மறிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. என் காணி வழியாகப் போகிற இரண்டு குழாய்களைப் புதிய பிளானில் கோடு போட்டுக் குறித்து வைத்தேன், பீலிக்குப் போகிற ஒற்றையடிப் பாதையை அப்படியே விட்டேன். இரவில் மேலே மண் அசைந்தால் முதலில் தெரிகிறது அவர்களுக்குத்தான், எனக்குக் கூப்பிட்டுச் சொல்கிறவர்களும் அவர்கள்தான்.

வீடு மேல் தட்டில், ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர்ச் சத்தம் கேட்காது, மழை வலுத்தால் மட்டும் கேட்கும். கீழே சமதரையில் வாழையும் மாட்டுப் புல்லும். பாட்டி சொன்ன கல்லில், பெரிய மழை வடிந்த மறுநாள் தண்ணீர் தொட்ட இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துத் தேதி எழுதுவேன். இதுவரை நான்கு கோடுகள். மூன்று என் முழங்காலுக்குக் கீழே. 2025 நவம்பரில் போட்டது என் மார்பளவில் இருக்கிறது.